இலை போட்டால் போதாது: என்கிளேவுக்குள் ஓடும்போதே நினைவகம் சேர்த்துப் பார்த்த அனுபவம்

ரிச்சி தெருவில் ஒரு பழைய நக் பெட்டி (இன்டெலின் சின்னக் கணினி) வாங்கினேன். செலரான் ஜே4005, இரண்டே கோர். "சார், ரொம்ப ஸ்லோ, அப்புறம் வந்து கேக்கக் கூடாது" என்று சொல்லித்தான் கொடுத்தார் கடைக்காரர். எனக்கு வேகம் தேவையில்லை. எஸ்ஜிஎக்ஸ் என்பது நினைவகத்தின் ஒரு பகுதியைச் சில்லே பூட்டிக் காக்கும் இன்டெல் வசதி. அதன் இரண்டாம் பதிப்புக் கட்டளைகள் உள்ள மலிவுச் சில்லு, அந்த ஜெமினி லேக் வரிசை. 11ஆம் தலைமுறையிலிருந்து கோர் சில்லுகளில் எஸ்ஜிஎக்ஸையே இன்டெல் எடுத்துவிட்டது. எஸ்ஜிஎக்ஸ் உள்ள சர்வர் வாங்க வசதியில்லாதவனுக்கு இதுதான் கதி.

நோக்கம் சின்னது. வீட்டுக் கடவுச்சொற்களை வைக்க ஒரு பெட்டகம். என்கிளேவ் என்றால் சில்லே பூட்டி வைக்கும் நினைவகப் பகுதி. இயங்குதளத்தின் மையமான கெர்னலால்கூட உள்ளே எட்டிப் பார்க்க முடியாது. பழைய முறையில், அதாவது முதல் பதிப்பில், அதற்கு எவ்வளவு நினைவகம் வேண்டும் என்று தொடங்கும் முன்பே சொல்லிவிட வேண்டும். என்கிளேவை ஏற்ற நானே எழுதிய லோடரில் 64 எம்பி ஹீப் (ஓடும்போது நிரல் எடுத்துக்கொள்ளும் நினைவகம்) கேட்டேன். நினைவகத்தின் ஒவ்வொரு துண்டும் ஒரு பக்கம்; 4 கேபி வீதம் 16,384 பக்கங்கள். ஒவ்வொன்றையும் 256 பைட்டுகளாக அளந்து கையொப்பக் கணக்கில் சேர்க்கும் ஈஎக்ஸ்டெண்ட் கட்டளை பக்கத்துக்கு 16 தடவை, மொத்தம் 2,62,144. அத்தனையும் வெறும் பூஜ்யங்களை அளக்க! வெற்று ஹீப்பை அளக்காமல் விடலாம் என்பது உண்மைதான். ஆனாலும் பக்கங்களை முன்கூட்டியே பிடித்து வைக்கும் தொல்லை தீராது. பயாஸில் (கணினி தொடங்கும்போதே ஓடும் அமைப்பு நிரல்) 128 எம்பி ஒதுக்கினால் நிரலுக்குக் கிடைப்பது சுமார் 93தான். அதில் 64-ஐ சும்மா அடைத்து வைப்பது அநியாயம்.

முதல் ஞாயிறு பயாஸிலேயே போனது. "சாஃப்ட்வேர் கன்ட்ரோல்ட்" என்ற தேர்வை நல்லது என்று நம்பி விட்டுவிட்டேன். எஸ்ஜிஎக்ஸை பயாஸ் முடக்கியிருக்கிறது என்று கெர்னலின் செய்திப் பதிவான டிமெசெஜ் ஒரே வரியில் சொல்லிக்கொண்டிருந்ததை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் படித்தேன்.

அடுத்து கெர்னல். பெட்டியில் இருந்தது 5.15. லினக்ஸில் எஸ்ஜிஎக்ஸ் வந்தது 2021இல், 5.11 பதிப்பில். ஆனால் ஓடும்போதே பக்கம் சேர்க்கும் வசதி 2022 அக்டோபரில் வந்த 6.0இல்தான். பழைய கெர்னலில், இல்லாத பக்கத்தைத் தொட்டதும் ஃபால்ட் (சில்லு எழுப்பும் பிழை) அடித்து நின்றது. பிழை எண் வெறும் 4. டெபியன் 12 (லினக்ஸின் ஒரு வடிவம்) போட்டேன், 6.1 வந்தது.

இனிதான் உண்மையான கூத்து. புது முறையில், என்கிளேவின் முகவரி எல்லைக்குள் இன்னும் பக்கம் இல்லாத இடத்தைத் தொட்டால் பேஜ் ஃபால்ட் வரும். கெர்னல் ஈஆக் என்ற கட்டளையால் பூஜ்யம் நிரப்பிய ஒரு பக்கத்தை அங்கே வைக்கும். நான் அத்தோடு வேலை முடிந்தது என்று நினைத்தேன். எழுதப் போனால் மறுபடி ஃபால்ட், இம்முறை பிழை எண் ஹெக்ஸில் 8007. அந்த 8, எஸ்ஜிஎக்ஸுக்கான பிட். பக்கம் இருக்கிறது, ஆனால் "நிலுவை" நிலையில் இருக்கிறது. என்கிளேவ் உள்ளிருந்து ஈஅக்செப்ட் சொன்னால்தான் அது சொந்தமாகும். கெர்னலை நம்பாதே என்பதுதானே இந்த வடிவமைப்பின் அடிப்படை. அது பாட்டுக்குப் பக்கத்தைச் செருகிவிட முடியுமா?

அந்த வாரம் மாம்பலத்தில் ஒரு கல்யாணம். பந்தியில் இலை போட்டுவிட்டுப் போனார்கள், நான் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். "டேய், இலையில தண்ணி தெளிடா, அப்பத்தான் பரிமாறுவாங்க" என்றார் மாமா. இலை போடுவது அவர்கள் வேலை. தெளித்து ஏற்றுக்கொள்வது நம் வேலை. ஈஆக்கும் ஈஅக்செப்டும் இதேதான். (மாமாவிடம் இதை விளக்கவில்லை. பாயசம் வந்துவிட்டது.)

சரி, 8007 வந்ததும் உள்ளே நுழைந்து ஈஅக்செப்ட் செய்யலாம் என்று போனால், நுழையும்போதே பொதுப் பாதுகாப்புப் பிழை, எண் 13. இரண்டு இரவு இதில் போயிற்று. ஃபால்ட் வந்தபோது ரெஜிஸ்டர்களைப் பத்திரப்படுத்த ஒரு சட்டகம் செலவாகிவிடுகிறது. நான் என் நூல் (த்ரெட்) கட்டுப்பாட்டுப் பக்கத்தில், அதாவது டிசிஎஸ்ஸில், சட்டக எண்ணிக்கையை 1 என்று வைத்திருந்தேன். இருந்த ஒன்றும் காலி. மறுபடி எப்படி நுழைய விடும்? 2 ஆக்கினேன், வேலை செய்தது. ஆனால் ஒரு பக்கத்துக்கு வெளியே ஒரு முறை, உள்ளே ஒரு முறை என்று அலைச்சல்.

பிறகுதான் கெர்னலின் சொந்தச் சோதனை நிரல்களைப் படித்தேன். முதலில் அதைத்தான் செய்திருக்க வேண்டும். அங்கே தொடுவதற்கு முன்பே ஈஅக்செப்ட் செய்கிறார்கள். இல்லாத பக்கத்தின் மீது ஈஅக்செப்ட் போட்டால் அந்தக் கட்டளையே ஃபால்ட் ஆகும். கெர்னல் பக்கத்தை வைக்கும். கட்டளை மறுபடி ஓடி வெற்றி பெறும். என் வெளி நிரலுக்கு எதுவும் தெரியவே தெரியாது. நினைவகம் பிரித்துக் கொடுக்கும் என் மேலாக்கில் பன்னிரண்டு வரி மாற்றம். ஈஅக்செப்டுக்குக் கொடுக்கும் பக்க விவரமான செக்இன்ஃபோ அமைப்பை 64 பைட் எல்லையில் வைக்க மறந்து இன்னும் அரை மணி நேரம் போனது, அது என் பாடு.

திருப்பிக் கொடுப்பதிலும் அதே மரியாதை உண்டு. முதலில் ஐஓசிடிஎல் (கெர்னலிடம் வேலை கேட்கும் அழைப்பு) மூலம் பக்கத்தின் வகையை "ட்ரிம்" என்று மாற்றவேண்டும், உள்ளிருந்து ஈஅக்செப்ட், அப்புறம்தான் நீக்கும் ஐஓசிடிஎல். நடுவில் உள்ளதைத் தவறவிட்டேன். ஈபெர்ம் (அனுமதி இல்லை) என்று திருப்பி அனுப்பியது கெர்னல். இலையை மூடாமல் யார் எடுப்பார்கள்?

இப்போது பெட்டகம் 1 எம்பி ஹீப்போடு தொடங்குகிறது, தேவைக்கு வளர்கிறது, சுருங்கவும் செய்கிறது. பக்கத்துக்கு ஒரு ஐஓசிடிஎல் வீண் என்பதால் 16 பக்கங்கள் சேர்ந்த பிறகே திருப்பிக் கொடுக்கிறேன். அடுத்து, ஓடும்போதே புது நூலுக்கான டிசிஎஸ் பக்கம் சேர்ப்பது: சாதாரணப் பக்கமாக வாங்கி, உள்ளே விவரங்களை எழுதி, வகையை மாற்றி, மறுபடி ஈஅக்செப்ட். சட்டக எண்ணிக்கையை இந்தத் தடவை முதலிலேயே 2 என்று எழுதி வைத்துவிட்டேன்.