நான்கு பேர், இரண்டு தூண்டில்: ட்ரவுட் நாட்குறிப்பு

ஏப்ரல் 4, சனி

இன்று தூண்டில் இல்லை, வெப்பமானி மட்டும். இடம் பார்க்கிற வேலை. ஆற்றின் இரண்டு பகுதிகளில் பிற்பகல் 3 மணிக்கு நீரின் வெப்பம் எடுத்தாயிற்று. வெட்டவெளியில் ஓடும் அகன்ற பகுதியில் 19.5 டிகிரி. மரநிழலில் குறுகி ஓடும் மேற்பகுதியில் 16. வண்டி நிறுத்தவும் பாய் விரிக்கவும் தோதானது முதல் இடம்தான். ஆனாலும் அடுத்த வாரம் போகவேண்டியது இரண்டாவதற்கு.

ட்ரவுட் குளிர்நீர் மீன். 10 முதல் 16 டிகிரி வரை நன்றாக இரை எடுக்கும். 20-ஐ நெருங்கினால் மந்தமாகிவிடும், 25-ஐ ஒட்டிப் போனால் உயிருக்கே ஆபத்து. ஒரு லிட்டர் நீரில் 10 டிகிரியில் ஏறத்தாழ 11 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும், 20 டிகிரியில் 9 மில்லிகிராம்தான். அதே நேரம் நீர் சுட்டால் மீனுக்கு ஆக்சிஜன் தேவை கூடும். வரவு குறைந்து செலவு ஏறுகிற நிலை. அந்த நேரத்தில் பிடித்துத் திரும்ப ஆற்றில் விட்ட மீன் நீந்திப் போனாலும் பிறகு சாகக்கூடும்.

வெப்பமானியை நிழலில், ஓடுகிற நீரில் முழங்கை ஆழத்துக்கு இறக்கி இரண்டு நிமிடம் வைக்க வேண்டும். கரையோரத் தேங்கலில் அளந்த கணக்கு உதவாது.

உரிமம், பிடிக்கலாமா கூடாதா என்கிற பருவம், குறைந்தபட்ச நீளம், ஒருவருக்கு எத்தனை மீன், புழு அனுமதியா செயற்கை இரை மட்டுமா: இவை ஆற்றுக்கு ஆறு மாறும், ஒரே ஆற்றிலும் பாலத்துக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இருக்கும். குழந்தைகளுக்குத் தனி விதி உண்டா என்பதையும் முன்பே பார்த்துவிடுவது நல்லது.

ஏப்ரல் 8, புதன்

கருவிகள். நான்கு பேருக்கு நான்கு தூண்டில் வேண்டாம், இரண்டு போதும். நான்கு நரம்பு (தூண்டில் நூல்) நீரில் கிடந்தால் பாதி நாள் சிக்கெடுப்பதிலேயே போகும். ஒருவர் வீச, பக்கத்தில் இருப்பவர் நீரைப் பார்த்து மீன் எங்கே நிற்கும் என்று சொல்ல, பத்துப் பதினைந்து வீச்சுக்கு ஒருமுறை கை மாற்றிக்கொள்ளலாம்.

கோல் இரண்டு மீட்டர் நீளம், இலகு வகை. நரம்பு 0.18 மி.மீ., ஏறத்தாழ 2 கிலோ தாங்குவது. நரம்பைச் சுற்றிவைக்கும் ரீலின் விளிம்புக்கு இரண்டு மூன்று மி.மீ. கீழேயே சுற்றை நிறுத்த வேண்டும். விளிம்பு வரை நிரப்பினால் வீசும்போது கொத்துக் கொத்தாகக் கழன்று முடிச்சு விழும். குழந்தைகள் கையில் விழும் சிக்கல்களில் பெரும்பாலானவை இதனால்தான், அல்லது வீசுவதற்காகத் திறக்கும் ரீலின் வளைகம்பியைக் கையால் மூடாமல் பிடியைச் சுற்றி மூடுவதால். கையால் மூடி, நரம்பை ஒருமுறை இழுத்து இறுக்கிவிட்டுச் சுற்றப் பழக்க வேண்டும்.

ரீலின் பிடிமானத்துக்கு (மீன் பலமாக இழுத்தால் நரம்பை விட்டுக்கொடுக்கும் அளவு) எளிய சோதனை: நரம்பின் முனையில் நிரப்பிய அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கட்டித் தூக்கினால், அது நழுவி நழுவி இறங்க வேண்டும். நரம்பின் வலுவில் கால் பங்கு, கணக்கு சரி. அப்படியே தொங்கி நின்றால் திருகைத் தளர்த்துங்கள்.

முள் 10-ம் எண். எண் கூடக்கூட முள் சிறிதாகும் என்பதைப் புதிதாக வாங்குபவர் மனதில் வைக்க வேண்டும். நுனிக்குக் கீழே இருக்கும் எதிர்முள்ளைக் குறடால் நசுக்கிவிட்டாயிற்று. மீனுக்கு நல்லது என்பது ஒரு காரணம், குழந்தையின் விரலில் ஏறினால் வந்த வழியே வெளியே வரும் என்பது பெரிய காரணம்.

முடிச்சு: முள்ளின் கண்ணில் நரம்பைக் கோத்து, மூல நரம்பின் மேல் ஐந்து சுற்று. முனையைக் கண்ணை ஒட்டிய சிறு வளையத்தில் நுழைத்து, அதனால் உண்டான பெரிய வளையத்திலும் நுழைத்து, எச்சிலால் நனைத்து மெதுவாக இறுக்கவும். நனைக்காமல் இறுக்கினால் உராய்வுச் சூட்டில் நைலான் அங்கேயே நைந்துபோகும். பிறகு நல்ல மீன் வரும்போது பார்த்து அறும்.

ஏப்ரல் 10, வெள்ளி இரவு

பையில்: மிதவை 4, பட்டாணி அளவிலும் சிறிய ஈயக்குண்டு ஒரு டப்பி, 2 முதல் 4 கிராம் சுழல்தகட்டு இரை (இழுக்கும்போது சுழலும் தகடு கொண்ட செயற்கை இரை) 5, ஸ்விவல் (நரம்பு முறுக்கேறாமல் சுழலும் இணைப்பு), குறடு, ரப்பர் கண்ணி கைவலை, கத்தி, தண்ணீர் நிரப்பி உறையவைத்த பாட்டில் 3, மாற்றுத் துணி. எல்லோருக்கும் தொப்பி, கண்ணாடி. இது அழகுக்கல்ல, பறந்து வரும் முள்ளிலிருந்து கண்ணைக் காக்க. சிறியவர்களுக்கு மிதவை அங்கி, கரையில் நின்றாலும்.

மண்புழு ஈர மண்ணும் சருகுமாக, நிழலில்.

ஏப்ரல் 11, சனி

காலை 6.40. நீர் 11 டிகிரி. மேகமூட்டம், நல்லது.

ட்ரவுட் ஓட்டத்துக்கு எதிர்முகமாக நிற்கும். இரை மிதந்து வருவது அந்தப் பக்கமிருந்துதான். ஆகவே கீழிருந்து மேலாக, அதன் முதுகுப்பக்கமாக நெருங்க வேண்டும். நீருக்குள்ளிருந்து பார்க்கும் மீனுக்கு வெளியுலகம் தலைக்கு மேல் ஒரு வட்டச் சாளரத்தில்தான் தெரியும். நீர்மட்டத்தை ஒட்டித் தாழ்வாக இருப்பது அந்த வட்டத்தின் ஓரத்தில் நசுங்கிப்போகும். குனிந்தோ மண்டியிட்டோ வீசினால் பாதி மறைவு கிடைத்துவிடும். குழந்தைகளுக்கு இது உயரத்தாலேயே கிடைத்த சலுகை. பேச்சு அவ்வளவு கெடுதல் இல்லை, கூழாங்கல்லில் தடதடவென்று நடப்பதுதான் கெடுதல். அதிர்வு நீருக்குள் போகும்.

9 மணி. நடு மடுவில் ஒன்றும் இல்லை. எடுத்ததெல்லாம் வேக நீரும் மந்த நீரும் உரசும் கோட்டில், பாறைக்குப் பின்னால், மடுவின் தலைப்பில். மந்த நீரில் நின்றால் மீனுக்கு உழைப்பு மிச்சம், பக்கத்து ஓட்டத்திலிருந்து இரை தானாக வரும்.

மிதவையை அடிமட்டத்துக்கு ஒரு சாண் மேலே இரை நிற்கும்படி வைத்தோம். ஈயம் முள்ளுக்கு 20 செ.மீ. மேலே. மிதவை நுரையைவிடச் சற்றே மெதுவாகப் போனால் சரி, ஏனென்றால் கற்கள் தடுப்பதால் அடியோட்டம் மேலோட்டத்தைவிட மெது. நுரைக்குச் சமமாகவோ முந்தியோ ஓடினால் நடுவில் தொய்ந்த நரம்பை ஓட்டம் இழுக்கிறது என்று பொருள். கோலை உயர்த்தித் தொய்வை எடுக்க வேண்டும். புழு ஓடுகிற விதம் பிசகினால் ட்ரவுட் வந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிடும்.

சுழல்தகடு என்றால் குறுக்காகவும் சற்று மேல்நோக்கியும் வீசி, தகடு சுழலும் அளவுக்கு மட்டும் சுற்றினால் போதும். ஸ்விவல் இல்லாமல் கட்டினால் அரைமணியில் நரம்பு முறுக்கேறிவிடும்.

11.30. நீர் 14. விடவேண்டிய மீனுக்குக் கையை முதலில் நனைக்க வேண்டும். உலர்ந்த கை அதன் வழவழப்புப் படலத்தை உரித்தெடுக்கும், அந்த இடத்தில் பூஞ்சை பிடிக்கும். முள்ளை நீருக்குள்ளேயே கழற்றலாம். புழுவை ஆழமாக விழுங்கியிருந்தால் இழுக்காமல் நரம்பை வாயருகே அறுப்பதே மேல். படம் எடுக்க ஆசைப்பட்டால் கேமரா தயாரான பிறகு தூக்கி, பத்து விநாடிக்குள் இறக்கிவிடுங்கள்.

எடுத்துக்கொள்ளும் மீனை உடனே தலையில் தட்டிக் கொன்று, செவுளை அறுத்து இரத்தம் வடியவிட வேண்டும். மலத்துவாரத்திலிருந்து தாடை வரை ஆழமில்லாமல் கீறி, குடலை ஒரே பிடியாக எடுத்து, முதுகெலும்பை ஒட்டிய கருஞ்சிவப்புக் கோட்டை நகத்தால் சுரண்டியெடுக்கவும். கசப்பும் நாற்றமும் அங்கேதான். ட்ரவுட்டின் செதில் மிக நுண்ணியது, சுரண்ட வேண்டியதில்லை. குடலைச் சூட்டில் விட்டுவைத்தால் வயிற்றுச் சதை கரைந்து விலா எலும்பு பிரிந்துவிடும். பனிக்கட்டி நீரில் மிதக்கவிடாமல், உறைந்த பாட்டில்களுக்கு நடுவே உலர்வாக அடுக்கினால் சதை கெட்டியாக இருக்கும்.

1.50. நிறுத்தியாயிற்று. நீர் 15 டிகிரிதான், மீனும் எடுக்கிறது. ஆனால் கரைக்கல்லில் வைத்த அடையாளத்துக்கு மேல் இரண்டு விரல் ஏறியிருக்கிறது, சுள்ளியும் பச்சை இலையும் மிதந்து வருகின்றன, நிறமும் கலங்கல். மேலே மழையோ அணைத் திறப்போ, காரணம் ஆராய்வது கரையேறிய பிறகு. சிறியவர்கள் முதலில், பிறகு பெரியவர்கள், கடைசியில் பொருள்கள். எதிர்க்கரையில் யாரும் இல்லாததால் இது ஐந்து நிமிட வேலையாக முடிந்தது. குடும்பத்தோடு போகும்போது ஆற்றின் இரு கரையிலும் பிரிந்து நிற்கக்கூடாது.

ஏப்ரல் 12, ஞாயிறு

செருப்பு, கைவலை, அங்கி எல்லாம் சேறு போகத் தேய்த்து வெயிலில். ஈரத்தில் ஒட்டிய பாசியும் நுண்ணுயிரும் அடுத்த ஆற்றுக்குப் பயணம் போகும் வழி இதுதான். முழுக்கக் காயாமல் வேறு ஆற்றில் இறங்கக்கூடாது.

நரம்பின் முதல் இரண்டு மீட்டர் பாறையில் உரசிச் சொரசொரத்திருந்தது, வெட்டியாயிற்று. வெட்டியதை விரல் நீளத் துண்டுகளாக்கிக் குப்பையில். நீளமாகப் போட்டால் பறவைக் காலில் சுற்றும்.