ஏழு பேரீச்சை, பதினொரு தபால்தலை

பள்ளி நாட்களில் என் தபால்தலை ஆல்பத்தில் இந்தியாவுக்கு அடுத்தபடியாக அதிகப் பக்கங்களைப் பிடித்த நாடு அஜ்மான். உலக வரைபடத்தில் விரலை வைத்துத் தேடியும் அது கிடைக்கவில்லை. ஆனால் கடையில் ஐம்பது தபால்தலை கொண்ட பொட்டலம் வாங்கினால் அதில் குறைந்தது பத்து அஜ்மானாக இருக்கும். விண்வெளி வீரர்கள், பட்டாம்பூச்சிகள், ஐரோப்பிய ஓவியங்கள் எல்லாம் பளபளவென்று மின்னும். மூலையில் கால்வட்டமாகத் தபால் முத்திரை. பின்னால் பசை அப்படியே இருக்கும். எந்தக் கடிதத்திலும் ஒட்டப்படாமல் முத்திரை வாங்கிக்கொண்டவை அவை.

அந்த ஆல்பத்தைச் சென்ற ஆண்டு பரணிலிருந்து இறக்கினேன். அஜ்மானும் அதன் அண்டை ஷேக் நாடுகளும் (இன்றைய ஐக்கிய அரபு அமீரகம்) பிரிட்டிஷார் பொறுப்பில் இருந்த காலத்தை, கடிதங்களில் ஒட்டுவதற்காக விற்றவற்றை மட்டும் வைத்துச் சொன்னால் என்ன என்று தோன்றியது. 1909 முதல் 1972 வரை, இருபது பக்கம். ஓராண்டு ஆகிவிட்டது; பதினான்கு பக்கம் முடிந்திருக்கிறது.

ஜனவரி

முதல் பக்கத்திலேயே தடுமாற்றம். ஒட்டுவதற்குத் தபால்தலையே இல்லை. தபால் அலுவலகம் வருவதற்கு முன்னால் எண்பத்தொன்பது ஆண்டுக் கதை இருக்கிறது. ராஸ் அல் கைமாவை ஆண்ட காசிமி குலத்தார் பிரிட்டிஷ் கப்பல்களைத் தாக்குகிறார்கள் என்று சொல்லி, 1819 இறுதியில் பிரிட்டிஷ் படை ஒன்று அந்த ஊரை அழித்தது. 1820 ஜனவரியில் கரையோர ஷேக்குகள் ஒருவர் பின் ஒருவராகச் சமாதான உடன்படிக்கையில் கையெழுத்திட்டார்கள். 1835இல் முத்துக்குளிக்கும் பருவத்துக்கு மட்டுமான கடல் போர்நிறுத்தம் வந்தது. அதைப் புதுப்பித்துப் புதுப்பித்து, 1853இல் நிரந்தரமாக்கினார்கள். இந்த ஷேக் நாடுகளுக்கு 'ட்ரூஷியல் ஸ்டேட்ஸ்' என்ற பெயர் அந்தப் போர்நிறுத்தத்தில் (ஆங்கிலத்தில் 'ட்ரூஸ்') பிறந்தது.

நான் தங்கிவிட்ட இடம் 1892. அந்த ஆண்டின் உடன்படிக்கையில் ஷேக்குகள் பிரிட்டனைத் தவிர வேறு எந்த வல்லரசுடனும் ஒப்பந்தமோ கடிதத் தொடர்போ வைத்துக்கொள்ள மாட்டோம் என்று உறுதியளித்தார்கள். யார் யாருக்குக் கடிதம் எழுதலாம் என்பதையே வரையறுத்த உடன்படிக்கை! தபால்தலை ஆல்பத்துக்கு இதைவிடப் பொருத்தமான முதல் பக்கம் எது? கையால் கரையோர வரைபடம் ஒன்றை வரைந்து, கீழே இந்த ஒரு செய்தியை மட்டும் எழுதி முடித்துவிட்டேன்.

வரைபடத்தில் இரண்டு புள்ளிகள் சிவப்பு மையில். ஒன்று எதிர்க்கரையில், பாரசீகத்தின் புஷேர். வளைகுடாவுக்கான பிரிட்டிஷ் அரசுப் பிரதிநிதி ('ரெசிடெண்ட்') 1946 வரை இருந்த இடம். மற்றொன்று ஷார்ஜா. அங்கே அவருடைய ஏஜென்டாக இருந்தவர் வெள்ளைக்காரர் அல்லர், உள்ளூர் வணிகர். ஷேக்குகளின் சண்டைகள், கடன் வழக்குகள், ஓடிவந்த அடிமைகளின் விடுதலை மனுக்கள் எல்லாம் அவர் வழியாகப் புஷேருக்குப் போயின. தேவைப்பட்டால் அங்கிருந்து போர்க்கப்பல் வரும். கரைக்கு அப்பால் பாலைவனத்தில் என்ன நடந்தாலும் நெடுங்காலம் பிரிட்டிஷார் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை.

பிப்ரவரி, மார்ச்

1909 ஆகஸ்ட் 19 அன்று துபாயில் இந்தியத் தபால் அலுவலகம் திறந்தது. பாரசீகம் தன் துறைமுகங்களில் சுங்கத்தை இறுக்கியதால் லிங்காவின் வணிகர்கள் துபாய்க்கு இடம்பெயர்ந்தார்கள். பம்பாயிலிருந்து வரும் நீராவிக் கப்பல்களும் அங்கே நின்றன. வணிகம் வந்த இடத்துக்குத் தபாலும் வந்தது. பஹ்ரைன், குவைத்துக்கு விற்ற இந்தியத் தபால்தலைகளில் பின்னாளில் ஊர்ப் பெயரை மேலச்சிட்டார்கள், அதாவது அச்சான தபால்தலையின் மேலேயே மறுபடி அச்சடித்தார்கள். துபாய்க்கு அந்த மரியாதை கிடைக்கவில்லை. சாதாரண இந்தியத் தபால்தலைதான். எனவே துபாயை அடையாளம் காண முத்திரை ஒன்றே வழி.

இங்கேதான் சறுக்கினேன். பழைய தபால்தலைகள் நிறைந்த அட்டைப்பெட்டி ஒன்றில் ஐந்தாம் ஜார்ஜின் ஓரணா கிடைத்தது. அரைகுறை முத்திரையில் ஆங்கில 'பி', 'ஏ' என்ற இரண்டு எழுத்துகள் மட்டும் தெளிவாக இருந்தன. துபாய் என்று துள்ளிக் குதித்து, பக்கத்தில் ஒட்டி, அழகான எழுத்தில் குறிப்பும் எழுதிவிட்டேன். அனுபவமுள்ள நண்பர் ஒருவர் உருப்பெருக்கியில் பார்த்தார். 'பி'க்கு முன்னால் ஓர் எழுத்தின் வால் தெரிந்தது, அது 'எம்'. பம்பாய்! இந்தியாவில் கோடிக்கணக்கில் கிடைக்கும் முத்திரை. "தம்பி, பாஸ்ரா, பாக்தாத், பரோடா என்று இன்னும் எத்தனையோ ஊர் இருக்கிறது, அவசரப்படாதீர்கள்" என்று சொல்லிவிட்டுக் காப்பியைக் குடித்தார். அந்த ஓரணாவை எடுக்கவில்லை. 1873 வரை இந்தக் கரையைக் கவனித்தது பம்பாய் அரசாங்கம்தான். அந்தச் சாக்கில் அது அங்கேயே இருக்கட்டும்.

ஏப்ரல்

நல்ல நாள். துபாயிலிருந்து பம்பாய்க்குப் போன உறை ஒன்று கைக்கு வந்தது. முத்திரை முழு வட்டம், 1938 நவம்பர். முகவரி குஜராத்தியில். அடுத்த தெருவில் துணிக்கடை வைத்திருக்கும் பெரியவரிடம் கொண்டுபோனேன். முத்து வணிகர் போலிருக்கிறது என்றார். உள்ளே கடிதம் இல்லை.

இந்த ஒற்றை உறைக்கு ஒரு முழுப் பக்கம் கொடுத்தேன். காரணம், அந்தத் தேதி. 1938 அக்டோபரில் துபாய் வணிகர்களும் ஆளும் குடும்பத்தின் ஒரு பிரிவினரும் சேர்ந்து துபாயின் ஆட்சியாளர் ஷேக் சயீதை ஒரு மஜ்லிஸுக்கு, அதாவது ஆலோசனைச் சபைக்கு, ஒப்புக்கொள்ள வைத்திருந்தார்கள். சுங்க வருமானம், துறைமுகம், பள்ளி எல்லாம் மஜ்லிஸ் பார்வைக்கு வந்தன. 1939 மார்ச்சில், ஷேக்கின் மகன் ராஷித்தின் திருமணத்துக்கு வந்த பாலைவன நாடோடிகளான பதூயின் ஆதரவாளர்கள் துபாயின் தேரா பகுதியைக் கைப்பற்றினார்கள், மஜ்லிஸ் கலைந்தது. என் உறை அந்த ஐந்தாறு மாத இடைவெளியில் தபால் பெட்டியில் விழுந்தது.

முத்துத் தொழிலோ அப்போது படுத்துவிட்டிருந்தது. 1929க்குப் பிந்தைய உலகப் பொருளாதார மந்தமும் ஜப்பானின் வளர்ப்பு முத்தும் சேர்ந்து அடித்த அடி. முத்துக்குளிப்பவர்கள் முன்பணக் கடனில் பிறந்து கடனில் இறந்தவர்கள். கடனோடு பக்கத்து ஷேக் நாட்டுக்கு ஓடுபவர்களைத் திருப்பி ஒப்படைக்க 1879இலேயே ஷேக்குகளிடையே ஓர் உடன்படிக்கை இருந்தது. அந்தக் காலி உறையைப் பார்க்கும்போதெல்லாம் உள்ளே இருந்தது சரக்குப் பட்டியலா, கடன் கணக்கா என்று நினைத்துக்கொள்கிறேன்.

ஜூன்

ஷார்ஜாவுக்கு 1932இல் விமானத் தளம் வந்தது. பாரசீகக் கரை வழியாகப் பறக்க அனுமதி முடிந்துபோனதால் இம்பீரியல் ஏர்வேஸ் இந்தப் பக்கம் தாவியது; பயணிகள் தங்க ஒரு கோட்டை, ஷேக்குக்கு ரூபாயில் வாடகை. கடலை மட்டும் பார்த்திருந்தவர்கள் இப்போது தரையையும் பார்க்க வேண்டியதாயிற்று. அவசரமாக விமானம் இறங்க ஓர் இடம் தேவைப்பட்டதால், 1936இல் கல்பா என்ற சிற்றூரின் ஷேக்கைத் தனி ஆட்சியாளராக ஏற்றார்கள். 1950களின் தொடக்கத்தில் அது மறுபடி ஷார்ஜாவோடு சேர்ந்தது. கல்பா பக்கத்தில் ஒட்டத் தபால்தலை இல்லை. கட்டம் போட்டு, காலியாக விட்டிருக்கிறேன். பார்த்தவர்கள் எல்லோரும் "இங்கே விழுந்துவிட்டதா?" என்று கேட்கிறார்கள்.

ஆகஸ்ட்

நான் மிகவும் ரசித்துச் செய்த பக்கம் 1947–48. ஒரே துபாய் அலுவலகம், ஆறேழு மாதத்தில் மூன்று முகம். 1947 பிற்பகுதி வரை இந்தியத் தபால்தலை. அதன்பின் 1948 மார்ச் 31 வரை நிர்வாகம் பாகிஸ்தானிடம். ஆறாம் ஜார்ஜ் முகத்தின் மேல் 'பாகிஸ்தான்' என்று மேலச்சு. ஏப்ரல் 1 முதல் பிரிட்டனே நேரடியாக நடத்தியது. ஆனால் பென்னி விலைபோட்ட பிரிட்டிஷ் தபால்தலையில் அணா, ரூபாய் என்று மேலச்சிட்டு விற்றார்கள், கரையில் ஓடியது ரூபாய் ஆயிற்றே. 1948 லண்டன் ஒலிம்பிக் தபால்தலையிலும் 'அணா'. இந்தியா 1957இல் பைசாவுக்கு மாறியதும் எலிசபெத் அரசி தலைக்கு மேலே 'நயா பைசா' ஏறியது. இந்தியாவிலிருந்து வெள்ளைக்காரர் போய்ப் பத்தாண்டு கழித்து, வெள்ளைக்கார அரசியை நயா பைசாவுக்கு விற்ற கடற்கரை இது.

இந்தப் பக்கத்தில்தான் விபத்தும். ஆகஸ்ட் புழுக்கத்தில் ஆல்பத்தை அலமாரியில் படுக்கவைத்திருந்தேன். பயன்படுத்தாத மூன்று தபால்தலைகளின் பசை உருகி அட்டையோடு ஒட்டிக்கொண்டது. இடுக்கியால் தூக்கியதும் ஒன்று கிழிந்தது. இப்போது ஆல்பத்தை நிறுத்தித்தான் வைக்கிறேன். ஒவ்வொன்றுக்கும் ஒளிபுகும் உறையும் போட்டாயிற்று. மழைக்காலம் வந்ததும் சிலிக்கா பொட்டலங்களும் சேர்ந்தன.

அக்டோபர்

தலைப்பில் உள்ள வரிசை முடிந்தது. 1961 ஜனவரியில் 'ட்ரூஷியல் ஸ்டேட்ஸ்' என்ற பெயரிலேயே பதினொரு தபால்தலைகள் வந்தன. நயா பைசா மதிப்புகளில் ஏழு பேரீச்சை மரங்கள், ஏழு ஷேக் நாடுகளுக்காக. ரூபாய் மதிப்புகளில் பாய்மரக் கப்பல். அபுதாபி, துபாய், ஷார்ஜா, அஜ்மான், உம் அல் குவைன், ராஸ் அல் கைமா, 1952இல் அங்கீகாரம் பெற்ற ஃபுஜைரா. ஏழு மரம் போட்டார்களே தவிர, அவற்றைத் துபாய் அலுவலகத்தில் மட்டுமே பயன்படுத்தினார்கள். அபுதாபி நகரில் தபால் அலுவலகம் வந்ததே 1963 மார்ச்சில்தான். ஒருவகையில் இது நேர்மையான சித்திரம்: ஏழுக்கும் பொதுவாக இருந்தது பிரிட்டிஷாரின் பெயர்ப்பலகை மட்டும். 1952இல் ஷேக்குகளுக்கென ஓர் ஆலோசனை மன்றத்தையும் அவர்கள்தாம் கூட்டினார்கள்.

பத்து ரூபாய் தபால்தலைக்குத்தான் அதிகச் செலவு. வீட்டில் தொகையைச் சொல்லவில்லை. இங்கேயும் சொல்வதாக இல்லை.

பக்கத்திலேயே 1959இல் ரிசர்வ் வங்கி வளைகுடாவுக்கென்றே அச்சிட்ட ரூபாய் நோட்டின் படம் ஒன்றை வைத்தேன். நம் நோட்டு மாதிரியேதான், நிறம் மட்டும் வேறு. 1966 ஜூனில் இந்தியா ரூபாயின் மதிப்பைக் குறைத்ததும் அந்த உறவும் முறிந்தது. துபாய் கத்தாரோடு சேர்ந்து ரியாலுக்குப் போனது. அபுதாபி பஹ்ரைன் தினாருக்கு.

டிசம்பர்

1963 ஜூன் நடுவில் துபாய் தன் சொந்தத் தபால்தலையைத் தொடங்கியது. முதல் வரிசையில் துறவி நண்டு. மற்றவர்கள் அடுத்த ஆண்டு முடிவதற்குள் பின்தொடர்ந்தார்கள். அயல்நாட்டு வணிகர்கள் ஷேக்குகளிடம் ஒப்பந்தம் எழுதி வாங்கி, கரையில் யாரும் பயன்படுத்தாத வரிசைகளை அச்சிட்டுத் தள்ளினார்கள். வேற்று அரசுகளுக்குக் கடிதம் எழுத மாட்டோம் என்றவர்களின் பேரப்பிள்ளைகள் பெயரில், உலகத்துப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லோருக்கும் தபால்தலை போனது. அஜ்மானுக்குள் 'மனாமா' என்ற உள்நாட்டுச் சிற்றூர் பெயரிலும் 1966 முதல் வந்தது. பஹ்ரைனின் தலைநகர் பெயரும் மனாமாதான் என்பதால், சிறுவயதில் அவற்றையெல்லாம் நான் பஹ்ரைன் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன். நாற்பது ஆண்டு கழித்து இந்த மாதம்தான் பிரித்தெடுத்தேன்.

விவரமறிந்த சேகரிப்பாளர்கள் இவற்றை 'மணல்மேடுகள்' என்று ஒதுக்குவார்கள், காசு பெறாது. எனக்கு ஒதுக்க மனம் வரவில்லை. 1971 டிசம்பர் 2 அன்று ஐக்கிய அரபு அமீரகம் பிறந்து, மறு பிப்ரவரியில் ராஸ் அல் கைமாவும் சேர்ந்த பிறகுதான் இந்த வெள்ளம் வற்றியது. கடைசி ஆறு பக்கம் இவற்றுக்கே.

தீராத பாக்கி ஒன்று உண்டு: துபாய் முத்திரையோடு ஒரு 'பாகிஸ்தான்' மேலச்சு. 1947–48 பக்கத்தில் அதற்குப் பென்சிலால் கட்டம் போட்டு வைத்திருக்கிறேன். போன வாரம் ஒன்றைப் பார்த்தேன். முத்திரையில் 'பி', 'ஏ' தெரிந்தது. காப்பி குடிக்கும் நண்பரை வரச்சொல்லியிருக்கிறேன்.