பாப்பா டிவி பாக்கல, நான்தான் பாக்குறேன்

நேத்து சாயங்காலம் வீட்ல ஒரு சின்ன சண்டை. சண்டைனு கூட சொல்ல முடியாது, நானும் எங்கம்மாவும் பேசிக்கிட்டது கொஞ்சம் சத்தமா போயிடுச்சு, அவ்ளோதான். பாப்பாவுக்கு இப்போ பத்து மாசம். எதை ஊட்டுனாலும் பூ பூனு துப்புறா, ஆனா டிவில கலர் கலரா ஏதாவது பாட்டு ஓடுனா அப்படியே வாயைப் பொளந்துட்டு பாக்குறா, அந்த கேப்ல ரெண்டு ஸ்பூன் உள்ள தள்ளிடலாம். அம்மா அதைத்தான் பண்ணிட்டு இருந்தாங்க. நான் போய் ஆஃப் பண்ணிட்டேன். பாப்பா வீடே அதிர்ற மாதிரி கத்த ஆரம்பிச்சிட்டா.

"நீயும் டிவி பாத்து வளந்தவன்தான்டா, இப்ப என்ன கெட்டா போயிட்ட?"

"அதை நான் சொல்லட்டுமா அத்தை"னு உள்ள இருந்து என் பொண்டாட்டி குரல். சரி அதை விடுங்க.

அம்மா கேட்டதுக்கு எங்கிட்ட உருப்படியா பதில் இல்லைங்கறதுதான் உண்மை. டிவி பாக்கக் கூடாதுனு எல்லாரும் சொல்றாங்க, நானும் சொன்னேன். ஏன்னு கேட்டா "கண்ணு கெட்டுரும்"னு ஒண்ணை எடுத்து விடுவேன், அதுக்கு மேல தெரியாது. அதனால ராத்திரி பாப்பா தூங்குனதும் உக்காந்து படிச்சேன். தூக்கம் போனதுதான் மிச்சம்னு நினைச்சேன், ஆனா இல்ல.

ரூல்ஸ்னு பாத்தா எல்லாரும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் சொல்றாங்க. உலக சுகாதார நிறுவனம் 2019ல சொன்னது, ரெண்டு வயசுக்குள்ள ஸ்க்ரீன் முன்னாடி உக்கார வைக்கவே வேண்டாம், ரெண்டு வயசாச்சுன்னா ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல போகாம பாத்துக்கோங்க. அமெரிக்க குழந்தை மருத்துவர்கள் சங்கம் 1999லயே ரெண்டு வயசு வரைக்கும் டிவி வேண்டாம்னுட்டாங்க, 2016ல கொஞ்சம் இறங்கி வந்து ஒன்றரை வயசு வரைக்கும் வேண்டாம், வீடியோ கால் மட்டும் ஓகேன்னாங்க. ஃப்ரான்ஸ்ல 2008ல, மூணு வயசுக்குள்ள இருக்க குழந்தைங்களுக்குனு அந்த நாட்டு சேனல்கள் ப்ரோக்ராம் போடவே கூடாதுனு சொல்லிட்டாங்களாம்.

இதுல அந்த வீடியோ கால் விஷயம்தான் என்னை யோசிக்க வச்சுது. ஸ்க்ரீன்தான் விஷம்னா வீடியோ காலும் விஷம்தானே, அது மட்டும் எப்படி ஓகே ஆச்சு?

அப்புறம்தான் ஒரு ஆராய்ச்சி கண்ல பட்டுச்சு. 2003ல பட்ரீஷியா குஹ்ல்னு ஒரு விஞ்ஞானியோட டீம் பண்ணது. அமெரிக்காவுல இங்கிலீஷ் மட்டுமே கேட்டு வளந்த ஒன்பது மாசக் குழந்தைங்க, கிட்டத்தட்ட நம்ம பாப்பா வயசு. கொஞ்சம் பேர்கிட்ட சீன மொழி பேசுற ஆளுங்க நேர்ல உக்காந்து பொம்மையைக் காட்டி கதை படிச்சு விளையாடுனாங்க, மொத்தம் 12 தடவை. இன்னொரு க்ரூப்புக்கு அதே ஆளு, அதே பேச்சு, ஆனா டிவில. நேர்ல கேட்ட குழந்தைங்களுக்கு இங்கிலீஷ்ல இல்லாத சீன ஒலிகளைப் பிரிச்சு அடையாளம் காண முடிஞ்சுது, அந்த மொழியிலயே வளந்த குழந்தைங்க அளவுக்கு. டிவில பாத்தவங்களுக்கு? சீன மொழியை கேக்கவே கேக்காத குழந்தைங்களுக்கும் இவங்களுக்கும் வித்தியாசமே இல்ல. சைபர். இவங்களும் 12 தடவை அதே பேச்சை கேட்டவங்கதான், ஆனா உள்ள ஒண்ணும் போகல.

ஏன்னா டிவிக்குள்ள இருக்கவங்க குழந்தையைப் பாக்கறதில்ல. பாப்பா "தா"ன்னா நான் "என்னடா தங்கம், பந்தா வேணும்?"னு திரும்பக் கேப்பேன், அவ கை காட்டுற பக்கம் நானும் திரும்பிப் பாப்பேன். டிவில இருக்கறவன் அவ பாட்டுக்கு கத்துனாலும் அவன் பாட்டுக்கு ஆடிட்டு இருப்பான். வீடியோ கால்ல தாத்தா பதில் சொல்றாருல்ல, அதான் அது மட்டும் தப்பிச்சுது போல.

இது வரைக்கும் நான் ஜெயிச்சிட்டேன்னு நினைச்சுட்டு இருந்தேன், காலைல அம்மாகிட்ட காட்டணும்னு ஸ்க்ரீன்ஷாட் எல்லாம் எடுத்தாச்சு. அடுத்து படிச்சதுதான் மூஞ்சில தண்ணி ஊத்துன மாதிரி இருந்துச்சு.

2008ல ஒரு ஆராய்ச்சி, ஒரு வயசுல இருந்து மூணு வயசு வரைக்கும் குழந்தைங்க, ரூம்ல பொம்மைங்க, ஓரத்துல பெரியவங்க பாக்குற க்விஸ் ஷோ ஓடுது. குழந்தைங்க அதை பெருசா கண்டுக்கவே இல்ல, அப்பப்ப ஒரு சில செகண்ட் திரும்பிப் பாக்குறாங்க, திரும்ப பொம்மைக்கு வந்துடுறாங்க. ஆனா டிவி ஓடும்போது ஒரு பொம்மையோட விளையாடுற நேரம் குறைஞ்சுபோச்சு, எதுலயும் ஊன்றி இருக்கல. 2009ல இன்னொண்ணு, குழந்தைங்க சட்டையில சின்ன ரெக்கார்டர் வச்சு நாள் பூரா பதிவு பண்ணிப் பாத்தாங்க. டிவி சத்தம் கேக்குற ஒவ்வொரு மணி நேரத்துக்கும் குழந்தை காதுல விழுற பெரியவங்க வார்த்தை சுமார் 770 குறையுதாம்.

எழுநூத்தி எழுபது!

இப்ப நான் என்ன பண்றேன்னு சொல்றேன். சாயங்காலம் பாப்பாவைப் பாத்துக்கறது என் டூட்டி. தரையில பாய் விரிச்சு பொம்மையெல்லாம் கொட்டி அவளை உக்கார வச்சிட்டு நான் சோபால சாஞ்சு மேட்ச் போடுவேன். அவ விளையாடுறா, நான் பாத்துக்கறேன், டிவியை அவ பாக்கவே இல்லையே, இதுல என்ன தப்புன்னு இத்தனை நாளா ரொம்ப தெளிவா இருந்தேன். அம்மா போட்ட பாட்டு பத்து நிமிஷம் ஓடும், அதுவும் ஊட்டும்போது அவங்க "ஆ காட்டு, ஆ காட்டு"னு பேசிட்டேதான் இருக்காங்க. என் மேட்ச் மூணு மணி நேரம், அதுல நான் பாப்பாகிட்ட பேசுனது விளம்பர இடைவேளைல மட்டும்தான்.

குழந்தைங்களை புத்திசாலி ஆக்குறோம்னு விக்கிற வீடியோ பத்தியும் படிச்சேன். பேபி ஐன்ஸ்டீன்னு ஒரு காலத்துல பெரிய ஹிட், டிஸ்னி வாங்கி நடத்துனாங்க, 2009ல வேணாங்கறவங்களுக்கு காசைத் திருப்பித் தர்றோம்னு அவங்களே சொல்ற நிலைமைக்கு வந்துட்டாங்க. அந்த மாதிரி வீடியோ பாத்தா குழந்தைக்குத் தெரிஞ்ச வார்த்தை குறையும்னு 2007ல ஒரு ஆராய்ச்சி வந்து பரபரப்பாச்சு, ஆனா 2013ல வேற ஆளுங்க அதே கணக்கை திரும்பப் போட்டுப் பாத்தப்போ அது அவ்ளோ உறுதியா நிக்கல. அதனால நாலு நாள் டிவி பாத்துட்டா மூளை போச்சுனு யாரும் அலற வேண்டாம். தனியா குழந்தையை வச்சுக்கிட்டு ஒரு வாய் சாப்பிடவோ குளிக்கவோ கால் மணி நேரம் டிவியைப் போட்டு விடுற அம்மாவைப் பாத்து "அய்யோ டிவியா"ங்கறவங்க, போய் அந்த குழந்தையை கால் மணி நேரம் வாங்கி வச்சுக்கட்டும் முதல்ல.

காலைல அந்த ஸ்க்ரீன்ஷாட்டை எல்லாம் காட்டுனேன், என்னைப் பத்துன பகுதியையும் சேத்துத்தான். அம்மா கண்ணாடி போட்டு முழுசா படிச்சாங்க. ஊட்டும்போது டிவி கிடையாது, அவங்க சீரியல் பாப்பா தூங்குனப்புறம்னு ஒத்துக்கிட்டாங்க, இவ்ளோ சீக்கிரம் ஒத்துப்பாங்கன்னு நான் எதிர்பாக்கல.

மேட்ச் விஷயம் மட்டும் இன்னும் பேச்சுவார்த்தைல இருக்கு. சத்தத்தை ம்யூட்ல வச்சுப் பாக்கலாமான்னு கேட்டிருக்கேன்.