கச்சானும் பள்ளிவாசல் முற்றமும்

தென்மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று வீசத் தொடங்கிவிட்டது. எங்கள் பள்ளிவாசலின் முற்றத்தையும் மூடி, குளிரூட்டி பொருத்தப் போகிறார்களாம். அதற்கு முன் நிர்வாகத்தினர் ஒரு ளுஹர் (நண்பகல் தொழுகை) வேளையில் திசைகாட்டியுடன் அங்கே நின்று பார்க்க வேண்டும்.

திருகோணமலையில் கிப்லா, அதாவது தொழும் திசை, மேற்கிலிருந்து சற்று வடக்கே. அந்தத் திசையைக் காட்டும் மாடமான மிஹ்ராப் உள்ள சுவரில் யன்னல் இல்லை. அஸர் (பிற்பகல் தொழுகை) நேர வெயில் முழுவதும் அதன் முதுகில். எதிரே கிழக்கு வாசல் வழியாகப் பிற்பகலில் கடற்காற்று வருகிறது. வந்த காற்று வெளியேற வழி வேண்டாமா? உயரத்தில் துவாரம் வைத்தால் சூடான காற்று மேலேறிப் போய்விடும். முற்றத்தை மூடினால் வரும் வழியும் அடைபட்டுவிடும்.

அதற்காக சிரியாவின் டமஸ்கஸ், துனீசியாவின் கைரவான் பள்ளிகளைப் போன்ற கல் பரப்பிய வெட்டவெளியும் நமக்கு ஆகாது. வறண்ட நாடுகளில் இரவில் குளிர்ந்த தரையும் சுவரும் முற்பகல் வரை தாங்கும். இங்கே இரவும் புழுக்கம்தான். ஏப்ரலிலும் ஆகஸ்ட் கடைசியிலும் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்பதால் சுவர் நிழலும் கிடையாது. ஜாவாவின் தெமாக் பள்ளியைப் பாருங்கள்: அடுக்கடுக்கான கூரை, முன்னால் பக்கங்கள் திறந்த பெரிய மண்டபம். மழைக்கும் வெயிலுக்கும் அதுவே பொருத்தம்.

எனக்கு வேண்டியது அகலமான விறாந்தையும் தொழுகைக்கு முன் கைகால் கழுவும் நீர்த்தொட்டியான ஹவுள் அருகே ஒரு வேம்பும். கச்சான் வறண்ட காற்று என்பதால் அந்த மாதங்களில் ஹவுள் நீரும் கொஞ்சம் குளிர்ச்சி தரும்; மார்கழி ஈரத்தில் அதை எதிர்பார்க்க முடியாது.

வேப்பிலை தண்ணீரில் விழும் என்று ஒருவர் முறையிடுவார். வலை போடலாம், ஹாஜியார்.