அட்வான்ஸ் பணம் திரும்பி வந்த கதை

அம்மா ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர். வீடு பிடித்தபோது ஹவுஸ் ஓனர் அம்மாவின் வேலையைக் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. நான்காம் மாதம் ஹவுஸ் ஓனர் அம்மாவைச் சீருடையோடு தெருவில் பார்த்துவிட்டார். அன்று சாயங்காலமே வந்து, "நீங்க என்ன ஆளுங்க?" என்று கேட்டார். இரண்டு நாள் கழித்து, சொந்தக்காரர்கள் வருகிறார்கள், மாதக் கடைசிக்குள் காலி செய்யுங்கள் என்றார்.

காலி செய்தோம். அட்வான்ஸ் 30,000 ரூபாய் மட்டும் வரவில்லை. வெள்ளையடிக்கணும், புது ஆள் குடி வரட்டும், அடுத்த வாரம் பார்க்கலாம். அப்புறம் போனையே எடுக்கவில்லை. காவல் நிலையத்தில், "இது சிவில் மேட்டர், கோர்ட்டுக்குப் போங்க" என்று அனுப்பிவிட்டார்கள். வக்கீல் பீஸை நினைத்தே அம்மா அந்தப் பேச்சை விட்டுவிட்டார். "நமக்கு வீடு குடுத்ததே பெருசு" என்பார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. சட்டத்தில் கேட்கக்கூடிய விஷயம் இது என்றே அவருக்குத் தோன்றவில்லை.

எங்கள் பகுதியில் நடந்த முகாமுக்கு வந்த சட்டத் தன்னார்வலர் அக்காதான் வழி சொன்னார். சட்டப்பணிகள் ஆணையங்களுக்கான 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பெண்களுக்கும் பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் கேட்கலாம். நாங்கள் நேராக மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்கே போனோம். "உட்காருங்கம்மா" என்று இரண்டாவது முறை சொன்ன பிறகுதான் அம்மா நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

மனுவை வெள்ளைத் தாளில் எழுதிக் கொடுத்தோம், கட்டணம் வாங்கவில்லை. பணம் கொடுத்ததற்கு ஆதாரம் கேட்டபோது எனக்குப் பகீரென்றது. வாடகை ஒப்பந்தமே போடவில்லையே. அம்மா பையைத் துழாவி ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்தார். உள்ளே தினசரி காலண்டரில் கிழித்த தாள். அதன் பின்பக்கம், "அட்வான்ஸ் 30,000 பெற்றுக்கொண்டேன்" என்று ஹவுஸ் ஓனர் எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். மடிப்பில் கிழிந்த இடத்தைச் சோற்றுப் பருக்கை வைத்து ஒட்டியிருந்தார் அம்மா. எழுதப் படிக்கத் தெரியாதவர், பணம் கொடுத்த அன்றே கேட்டு வாங்கியிருக்கிறார். எனக்கே அதுவரை தெரியாது.

பேசித் தீர்க்க இரு தரப்பையும் கூப்பிட்ட முதல் தேதிக்கு ஹவுஸ் ஓனர் வரவில்லை. லீவு போட்டால் அம்மாவுக்குச் சம்பளம் கிடையாது. இலவசம் என்று சொல்லும்போது இதையும் கணக்கில் சேர்க்கத்தான் வேண்டும். இரண்டாவது தேதிக்கு ஹவுஸ் ஓனர் வந்தார். வீட்டைக் காலி செய்தால் பாக்கி போக மீதி அட்வான்ஸைத் தர வேண்டும் என்று 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் சொல்வதை அங்கிருந்த வக்கீல் எடுத்துச் சொன்னார். வெள்ளையடிக்க 4,000 கழித்துக்கொண்டு 26,000 தர ஹவுஸ் ஓனர் ஒப்புக்கொண்டார். இரு தரப்பும் சமரசமாக முடித்துக்கொள்ளும் மக்கள் நீதிமன்றத்தில் அதையே உத்தரவாக எழுதினார்கள். சிவில் நீதிமன்றத் தீர்ப்புக்கு உள்ள அதே பலம் அதற்கும் உண்டு, அப்பீல் கிடையாது. அவர் ஒப்புக்கொள்ளாமல் போயிருந்தால் வழக்குத்தான் போட்டிருக்க வேண்டும். அதற்கும் இலவசமாக வக்கீல் தருவோம் என்றார்கள்.

திரும்பும்போது பஸ்ஸில் அம்மா அந்த உத்தரவு நகலை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே வந்தார். "பணம் வந்துடுச்சு, சரி. காலி பண்ணச் சொன்னாரே, அதைப் பத்தி இதுல ஏதாச்சும் எழுதியிருக்கா?" என்று கேட்டார்.

இல்லை என்றேன்.