கருமணலில் கருப்பு மட்டுமா இருக்கிறது?

கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் அலை ஏறி இறங்கும் இடத்தில் பட்டை பட்டையாகக் கருமணல் கிடக்கும். புதிதாகப் பார்க்கிறவர்கள் கப்பல் எண்ணெய் ஏதோ ஒதுங்கியிருக்கிறது என்று நினைத்து ஒதுங்கி நடப்பார்கள். அதில் ஒரு சிட்டிகையை நல்ல தண்ணீரில் அலசி, காயவைத்து, வெள்ளைத்தாளில் தூவிப் பாருங்கள். நகைக்கடைக்காரர் வைத்திருக்கிற 10 மடங்கு லென்ஸே போதும், ஆனால் செல்போன் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடிக்க வேண்டும், கீழிருந்து வெளிச்சம் அடித்தால் பாதி மணி வெறும் நிழலாகத்தான் தெரியும்.

கருப்பாக உலோகப் பளபளப்போடு இருப்பது இல்மனைட் என்ற கனிமம். நடுநடுவே மாதுளை முத்து நிறத்தில், வெளிச்சத்தை உள்ளே வாங்கி மினுங்குகிறதே, அது கார்னெட். சிலது ரோஸ், சிலது நல்ல ரத்தச் சிவப்பு. கண்ணாடி மாதிரி நிறமில்லாமல் இருப்பவற்றில் சிர்கானும் உண்டு, கொஞ்சம் பொறுமையாகத் தேடினால் முனை கூம்பிய படிகம் அப்படியே முழுசாகக் கிடைக்கும். தேன் நிறத்தில் உருண்டையாக இருந்தால் பெரும்பாலும் மோனசைட். இதில் கதிரியக்கமுள்ள தோரியம் இருப்பதால் மூட்டை கட்டி வீட்டில் வைக்கிற சரக்கு இல்லை, சிட்டிகையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இவையெல்லாம் ஒரே இடத்தில் சேர்வதற்குக் காரணம் எடைதான். சாதாரண வெள்ளை மணலான குவார்ட்ஸ் தண்ணீரைப் போல 2.65 மடங்கு கனம், இல்மனைட்டும் சிர்கானும் நாலரை மடங்குக்கும் மேல். திரும்பிப் போகிற அலை லேசானதை இழுத்துக்கொண்டு போய்விடும், கனமானது தங்கிவிடும். அந்தக் கார்னெட்டெல்லாம் சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன்பு பூமியின் ஆழத்தில் வெந்த பாறையில் உருவானது, பிறகு மலை தேய்ந்து ஆற்றோடு வந்து சேர்ந்தது.

1909-இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர், இங்கிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலை வைத்துத்தான் இந்தக் கரையில் மோனசைட் இருப்பதைக் கண்டுபிடித்தார். பெட்ரோமாக்ஸில் இருப்பது போன்ற விளக்கு மேண்டிலுக்குத் தோரியம் தேவைப்பட்ட காலம் அது!

அப்புறம், திருச்செந்தூர் பக்கம் போனால் குதிரைமொழித் தேரி என்கிற செம்மணல் மேட்டிலும் கொஞ்சம் எடுங்கள். அந்தச் செம்மண்ணில் பெரும்பகுதி குவார்ட்ஸ்தான், சிவப்பு அதன் மேல் படிந்த இரும்புத் துருவின் மெல்லிய பூச்சு. காற்று உருட்டி உருட்டி முனை மழுங்கிய மணிகள், கார்னெட் மாதிரி மினுங்காது. ஆனாலும் எனக்கு இதுதான் கூடுதலாகப் பிடிக்கிறது.