கூடப்பிறந்த பிள்ளைகளிடம் கேட்கப் போகிறவர்களுக்கு: என் ஆய்வேட்டு அனுபவம்

"பெரியவ எல்லாம் புரிஞ்சு நடந்துக்குவா மேடம், அவளால எங்களுக்கு ஒரு தொந்தரவும் இல்ல." முதல் வீட்டில் ஓர் அம்மா சொன்னது இது. அடுத்தடுத்த வீடுகளிலும் இதையேதான் கேட்டேன். பேசப்பட்ட அந்தப் பிள்ளை பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும், ஒன்றும் சொல்லாது.

முதுகலை சமூகப்பணி ஆய்வேட்டுக்காக, ஆட்டிசமோ அறிவுசார் குறைபாடோ உள்ள குழந்தைகளின் அண்ணன், அக்கா, தம்பி, தங்கைகளிடம் பேசினேன். மதுரை, மேலூர், திருமங்கலம் பக்கம் 12 குடும்பங்கள். இதே தலைப்பை எடுக்கப் போகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் நான் செய்த தவறு. வெளிநாட்டு அளவுகோல் ஒன்றைத் தமிழாக்கிக் கையில் கொண்டுபோனேன். "தம்பியை நினைத்து உனக்கு வெட்கமாக இருக்கிறதா? எப்போதும், சில நேரம், ஒருபோதும் இல்லை." முதல் மூன்று வீடுகளிலும் பிள்ளைகள் அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு "இல்லை" என்றார்கள். அந்தப் படிவங்களில் இருந்தது அம்மாவுக்குப் பிடித்த பதில், பிள்ளையின் பதில் இல்லை. நெறியாளர் அவற்றைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "உணர்வைக் கேட்காதே, நேற்று காலையிலிருந்து ராத்திரி வரை என்ன நடந்தது என்று கேள்" என்றார். ஆய்வு திரும்பியது அங்கேதான்.

"நேற்று யார் முதலில் எழுந்தது? தம்பிக்கு யார் பல் தேய்த்துவிட்டது? அப்போது நீ என்ன செய்துகொண்டிருந்தாய்?" இப்படிக் கேட்டால் பிள்ளைகள் தாராளமாகப் பேசுகிறார்கள். பள்ளி வேனுக்கு நேரமாகிவிட்டது, தம்பி சட்டை போட மாட்டேன் என்று அழுதான், வேன் போய்விட்டது, அப்பா திட்டினார், யாரைத் திட்டினார் என்று தெரியவில்லை. ஒரு பையன் சொன்ன இந்த ஒரு காலைப்பொழுதில், என் பழைய படிவத்தின் பாதிக் கேள்விகளுக்குப் பதில் இருந்தது.

அளவுகோலே கூடாது என்று சொல்லவில்லை. நம் நாட்டுக் குடும்பங்களை வைத்து உருவானவற்றை முதலில் தேடுங்கள். அறிவுசார் குறைபாட்டுக்கான செகந்திராபாத் தேசிய நிறுவனத்தின் குடும்பத் தேவைகள் படிவத்தில் பெற்றோருக்கு, உடன்பிறந்தோருக்கு, தாத்தா பாட்டிக்கு என்று தனித்தனிப் பகுதிகள் உண்டு. கூட்டுக் குடும்பத்தில் பாட்டியை விட்டுவிட்டு ஆய்வு செய்தால் பாதிக் கதை போய்விடும்.

தனிமை கிடைப்பதுதான் பெரிய சிரமம். ஒற்றை அறை வீட்டில் பிள்ளையை எங்கே தனியாக உட்கார வைப்பது? மொட்டை மாடி, வாசல் திண்ணை, கடைக்கு நடந்து போகும் வழி, இவைதான் எனக்குக் கைகொடுத்தன. அம்மாவின் கண்ணுக்குத் தெரிய வேண்டும், காதுக்கு எட்டக் கூடாது. தெரபி மையங்களின் வராந்தாவையும் கவனியுங்கள். உள்ளே தம்பிக்குப் பேச்சுப் பயிற்சி நடக்கும்போது வெளியே பெஞ்சில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருக்கும் அக்காவிடம் பெரும்பாலும் யாரும் எதுவும் கேட்பதில்லை.

ஒப்புதல் விஷயத்தில் அவசரப்படாதீர்கள். பெற்றோர் கையெழுத்து மட்டும் போதாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைப்படி, சின்னப் பிள்ளைகளிடம் வாய்மொழியாகவும், 12 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் எழுத்திலும் அவர்களுடைய சம்மதத்தைக் கேட்க வேண்டும். ஒரு வீட்டில் அப்பா, "அக்கா கேட்கிறாங்கல்ல, போட்டுக் குடுடா" என்றார். பையன் போட்டான். மாடிக்குப் போனதும் அவனிடம், "உனக்கு இஷ்டம் இல்லைன்னா நாம கிரிக்கெட் பத்திப் பேசிட்டு இறங்கிடலாம்" என்றேன். கிரிக்கெட்டே பேசினோம். அந்தக் கையெழுத்தை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

இன்னொன்று. "நீ சொல்வதை யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று வெறுமனே வாக்குக் கொடுக்காதீர்கள். குழந்தைக்குப் பாலியல் துன்புறுத்தல் நடப்பது தெரியவந்தால் புகார் செய்வது 2012 போக்சோ சட்டப்படி நம் கடமை. "உனக்கோ தம்பிக்கோ ஆபத்து என்றால் மட்டும் பெரியவர்களிடம் சொல்வேன்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

அன்றன்றைக்கே களக்குறிப்பு எழுதுவது எவ்வளவு முக்கியம் என்பதை ஒரு வீட்டில்தான் கற்றேன். எட்டாம் வகுப்புப் படிக்கும் பெண். பள்ளியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவள் பாதியில் எழுந்து போனாள். தரையில் மூடிகளை அடுக்கிக்கொண்டிருந்த தம்பிக்குப் பின்னால் மண்டியிட்டு, இரண்டு காதுகளையும் உள்ளங்கையால் பொத்தினாள். அப்புறம்தான் குக்கர் விசில் அடித்தது. அது அடங்கியதும் கையை எடுத்துவிட்டு வந்து, விட்ட இடத்திலிருந்து பேசினாள். அடுப்பில் குக்கர் இருப்பதைக்கூட நான் கவனித்திருக்கவில்லை. ஒலிப்பதிவில் சின்ன இடைவெளியும் விசிலும் மட்டும்தான் இருக்கின்றன. அன்று இரவே எழுதி வைக்காமல் போயிருந்தால், என் ஆய்வேட்டின் மிக முக்கியமான பக்கம் இருந்திருக்காது.

அந்தப் பெண்தான், "பாவம்க்கா அவன், ஆனா சில நேரம் வேணும்னே பண்றான்" என்றாள். அன்பும் எரிச்சலும் ஒரே மூச்சில் வரும், பிரித்து எழுதாதீர்கள். பதிவுகளை எழுத்தாக்கும்போது தமிழிலேயே எழுதி, தமிழிலேயே குறியீடு செய்யுங்கள், அதாவது பேச்சின் பகுதிகளுக்குத் தலைப்பிட்டுப் பிரியுங்கள். 'பாவம்' என்ற சொல்லை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனால் இரக்கம் மட்டும்தான் மிஞ்சும். அவள் குரலில் இருந்த உரிமை போய்விடும். என் தலைப்பில் முதலில் 'சுமை' என்ற சொல் இருந்தது. 12 வீடுகளில் ஒரு பிள்ளைகூட அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. தலைப்பை மாற்றினேன்.

கோட்பாட்டுக்கு, குடும்ப நெருக்கடிகளை ஆராய்ந்த மெக்கபின், பேட்டர்சன் 1983இல் முன்வைத்த இரட்டை ஏபிசிஎக்ஸ் மாதிரி உதவியது. ஒரு நெருக்கடியோடு கதை முடிவதில்லை, வேலை போவது, பாட்டிக்கு உடம்பு முடியாமல் போவது என்று ஒன்றின் மேல் ஒன்று குவிகிறது, குடும்பம் அதை எப்படி எடுத்துக்கொள்கிறது என்பதும் முடிவை மாற்றுகிறது என்கிற பார்வை அது. பகுப்பாய்வுக்கு பிரௌன், கிளார்க்கின் கருப்பொருள் முறை, அதாவது பேச்சுகளில் திரும்பத் திரும்ப வருவதைத் தொகுத்துப் பார்ப்பது, போதுமானதாக இருந்தது.

கல்யாண வயதில் இருக்கும் அக்காமார், அண்ணன்மாரையும் முடிந்தால் சேர்த்துக்கொள்ளுங்கள். பெண் பார்க்க வருபவர்கள், "தம்பிக்கு இப்படி இருக்கே, பரம்பரையா?" என்று கேட்பதைச் சின்னப் பிள்ளைகள் சொல்ல மாட்டார்கள். "அம்மா அப்பாவுக்குப் பிறகு நான்தான்" என்பது எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது, ஆனால் யாரும் உட்கார்ந்து பேசியதில்லை. 1999 தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்படி, இப்படிக் குறைபாடு உள்ளவர்களுக்கு 18 வயதுக்கு மேல் சட்டப்பூர்வக் காப்பாளரை நியமிக்க மாவட்ட ஆட்சியர் இடம்பெறும் உள்ளூர் அளவிலான குழு இருப்பது, நான் பேசிய அக்காக்களில் ஒருவருக்குத்தான் தெரியும். கேட்டுவிட்டு மட்டும் வராமல், தெரிந்த தகவலைச் சொல்லிவிட்டும் வாருங்கள்.

வாய்மொழித் தேர்வில், "12 குடும்பத்தை வைத்து எப்படிப் பொதுவாகச் சொல்வீர்கள்?" என்ற கேள்வி வரும். பொதுவாகச் சொல்ல வரவில்லை, ஆழமாகப் பார்க்க வந்தேன் என்று நேராகச் சொல்லுங்கள். சிறப்புப் பள்ளி மூலமாகத்தான் குடும்பங்களைத் தேடினேன், பள்ளியையே எட்டாத குடும்பங்கள் இதில் இல்லை என்பதையும் நீங்களே முதலில் ஒப்புக்கொள்ளுங்கள்.

பெயர் மாற்றும்போது பிள்ளைகளையே மாற்றுப் பெயர் வைக்கச் சொல்லலாம். ஆய்வேடு முடிந்து அந்த எட்டாம் வகுப்புப் பெண்ணின் வீட்டுக்குப் போனபோது, தனக்கு வைத்த பெயரைப் பக்கம் பக்கமாகத் தேடிக் கண்டுபிடித்தாள். அப்புறம் தம்பிக்கு வைத்த பெயரைத் தேடினாள். காது பொத்திய பக்கத்தை அம்மாவிடம் படித்துக் காட்டினாள். "இதெல்லாமா எழுதுவாங்க?" என்று கேட்டார் அம்மா. அன்றுதான் என்னை மேடம் என்று கூப்பிடாமல், "சாப்ட்டுட்டுப் போ பாப்பா" என்றார்.